ராஜரத்தினம் டீக்கடைக்குப் பத்து நாள் விடுமுறை

ராஜரத்தினம் அண்ணாச்சியின் டீக்கடை மூடியிருந்தால் அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று பொருள். ராஜபாளையத்தில், மில் கேட்டுக்கு எதிரே, ஷிப்டு மாறும் நேரமெல்லாம் கூட்டம் மொய்க்கிற கடை அது. அப்பா இறந்த அன்று மூடினார், அம்மா இறந்த அன்று மூடினார், அவ்வளவுதான். மழையா, பந்தா, தேர்தலா, அண்ணாச்சி கடையில் பாய்லர் கொதிக்கும். கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட விடியற்காலை ஆராதனை முடிந்ததும் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். கொரோனாக் காலத்தில் போலீஸ்காரர்கள் வந்து ஷட்டரை இறக்க வைத்தார்கள். அதை அவர் தன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "அது கவர்மெண்டு மூடுனது. நான் மூடுனதில்ல" என்பார்.

இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. "ஏலே, என் கட ஷட்டரு எறங்கியிருந்துச்சுன்னா ஒரு மாலைய வாங்கிட்டு வந்துருங்க. வேற ஒண்ணும் விசாரிக்க வேண்டாம்" என்று டீயை ஆற்றிக்கொண்டே வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சும்மா இருந்தால் அவர் டீக்கடைக்காரர் ஆகியிருக்கவே முடியாது.

கடை அவர் பேரில் இருந்தாலும் பாதிக் கடை அவருடைய மனைவி பரிபூரணத்தின் கையில்தான் ஓடியது. உளுந்து ஆட்டுவது, வடை சுடுவது, பால்காரனோடு மல்லுக்கட்டுவது, கிளாஸ் கழுவுவது எல்லாம் அவள்தான். கல்யாணமான மறுவாரம் எண்ணெய்ச் சட்டி முன்னால் வந்து நின்றவள், மகன் எட்வின் படித்து முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகும் அங்கேயே நின்றாள். ஊர் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதை அவள் மறைத்ததும் இல்லை, அண்ணாச்சி மாட்டேன் என்று சொன்னதும் இல்லை. கன்னியாகுமரிக்குப் போகலாம் என்றார். மில்லில் போனஸ் போடுகிற நேரம் வந்துவிட்டது. கொடைக்கானலுக்குப் போகலாம் என்றார். கிளம்புகிற வாரம் பார்த்து எதிர்க்கடைக்காரன் புதிதாக பஜ்ஜி போட ஆரம்பித்தான். அவனை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது? அண்ணாச்சி கெட்டவர் இல்லை. கடையை விட்டு இறங்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. டாக்டரம்மா பார்த்துவிட்டு, நின்று நின்று நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது, பத்து நாளாவது ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பரிபூரணம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு அண்ணாச்சி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா ஓய்வு எடுக்கச் சொல்லிட்டாக."

"எடுத்துக்கோ. நீ கடைக்கு வர வேண்டாம். வீட்டுல படுத்துக்கோ. வடைக்கு நான் ஒரு ஆளப் போட்டுக்கிடுதேன்."

"படுக்கச் சொல்லலங்க, ஓய்வுன்னுதான் சொன்னாக. நான் அத ரயில்ல எடுத்துக்கிடுதேன். ரெண்டு பேருக்கு டிக்கெட் போட்டாச்சு. நீங்க வந்தா சந்தோசம். வரலைன்னாலும் நான் போறேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அண்ணாச்சி சமாளித்திருப்பார். அவருக்குச் சண்டை போடத் தெரியும், இப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற பெண்பிள்ளையிடம் என்ன செய்வதென்று தெரியாது. சரி என்று சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டாரே தவிர, ஊரில் யாரிடமும் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடையை மூடிவிட்டு ஊர் சுற்றப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதற்குத்தான் பிளெக்ஸ் யோசனை வந்தது. பெரிதாக ஒரு பிளெக்ஸ் அடித்துக் கடை வாசலில் கட்டிவிட்டால் தான் வாய் திறக்க வேண்டியதில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாலகணேஷிடம் போனார். அது முகூர்த்த மாசம். அவன் சோறு தின்னக்கூட நேரமில்லாமல் கல்யாண பிளெக்ஸ்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

"படம் போடணுமா அண்ணாச்சி?"

"படம் இல்லாம எவம்லே நின்னு பாப்பான்? நல்லாப் பெருசாப் போடு" என்று, போன வருஷம் சபைக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டையில் எடுத்த படத்தைக் கொடுத்தார். என்றைக்கிருந்து என்றைக்கு வரை என்று தேதிகளையும் சொன்னார். பரிபூரணத்தின் படத்தைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாலகணேஷும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியுமாக பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் இறங்கினார்கள். ராஜபாளையத்திலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாத ஊரில் எதற்கு ஒரு ராத்திரி லாட்ஜில் தங்க வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "மொத நாளே தூரமாப் போனா நீங்க பாதி வழியில எறங்கிருவீக. செத்த நேரம் பக்கத்துல இருந்து பழகுங்க. நாளைக்கு மத்தியானம் இங்க இருந்து வண்டி." அண்ணாச்சியின் செல்போனை அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மகன் கூப்பிடுவான் என்று தன்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கருக்கலிலேயே அண்ணாச்சிக்கு விழிப்புத் தட்டிவிட்டது. கைகள் பாய்லரைத் தேடின. எழுந்து உட்கார்ந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். பிறகு வேறு வேலை இல்லாததால் தூங்குகிற மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபுரத்தின் மேல் வெயில் ஏறி, தெருவில் பூக்காரிகள் சத்தம் போட ஆரம்பித்த பிறகும் அவள் அசையவில்லை. பகல் வெளிச்சத்தில் அவள் தூங்கி அவர் பார்த்ததே கிடையாது. நெற்றியில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று இருந்தது. அது எப்போது பட்டது என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

குளித்துக் கிளம்பித் தேரடிப் பக்கம் பால்கோவாக் கடை ஒன்றில் போய் உட்கார்ந்தார்கள். சூடு ஆறாத பால்கோவாவை அவள் ஒரு வாய் தின்றுவிட்டு, "ஒருத்தர் செஞ்சத உக்காந்து திங்குறது எம்புட்டு ருசியா இருக்கு!" என்றாள். அப்போதுதான் அவளுடைய செல்போன் அடித்தது.

பக்கத்துக்கடை நைனா முகமது. செருப்புக் கடை வைத்திருப்பவர், அண்ணாச்சிக்கு உடன்பிறவாத தம்பி மாதிரி. சரக்கு எடுக்கப் போனவர் நாலைந்து நாளாக ஊரில் இல்லை, அன்று காலையில்தான் திரும்பியிருந்தார். பரிபூரணம் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா..." என்றதும் அந்த மனுஷன் உடைந்து அழுதுவிட்டார். "எப்படிக்கா ஆச்சு? நான் போகும்போது நல்லாத்தானே இருந்தாக அண்ணாச்சி! வீடும் பூட்டிக் கெடக்கு. எந்த ஆஸ்பத்திரியில வச்சிருக்கீய?"

"யாரு, அவியளா?" என்று பரிபூரணம் எதிரே பார்த்தாள். "இந்தா இங்கதான் இருக்காக பாய். பால்கோவா திங்காக."

நடந்தது இதுதான். பாலகணேஷின் கம்ப்யூட்டரில் கிறிஸ்தவர்களுக்கு என்று ஒரே ஒரு டிசைன்தான் இருந்தது. மேலே சிலுவை, அதன் பக்கத்தில் புறா, இரண்டு ஓரத்திலும் மெழுகுவர்த்தி, அடியில் ஒரு வசனம். இதுவரை அதில் அவன் கண்ணீர் அஞ்சலி மட்டும்தான் அடித்திருக்கிறான். அவசரத்தில் அதையே எடுத்து, நடுவில் வெள்ளைச் சட்டையில் சிரிக்கிற அண்ணாச்சியை வைத்து, கீழே இரண்டு தேதிகளையும் போட்டுவிட்டான். விடுமுறை என்கிற செய்தி அதற்கும் கீழே. விடியற்காலையில் வந்து கட்டியவன், கடை வாசலில் நின்ற தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் அந்தக் கடைசி வரி மறைகிற மாதிரி கட்டிவிட்டுப் போய்விட்டான். காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் இறங்கிய ஷட்டரைப் பார்த்தார்கள், மெழுகுவர்த்தியைப் பார்த்தார்கள். அதற்கு மேல் எவன் நின்று படிப்பான்? வேறு ஒன்றும் விசாரிக்க வேண்டாம் என்றுதான் அண்ணாச்சியே சொல்லிவைத்திருக்கிறாரே. மாலையோடு வந்துவிட்டார்கள்.

நைனா முகமது மலைத்துப்போய் செல்போனைக் கையில் பிடித்தபடியே நின்றிருக்க வேண்டும். துட்டி கேட்க வந்த கூட்டம் பேசுவது இங்கே கேட்டது. அண்ணாச்சி கையிலிருந்த பால்கோவாவைக் கீழே வைத்தார்.

"ஒரு நாக்கூட கடைய மூடாத மனுசன்" என்றது ஒரு குரல். லோடுமேன் பால்பாண்டி.

"ஆமா, கிறிஸ்துமஸுக்குக்கூட மூட மாட்டாரே."

"புயலடிச்ச அன்னைக்கும் திறந்து வச்சிருந்தாரு. ஒரு நாக்கூட மூடுனதில்ல."

அண்ணாச்சிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மெய்தான், மூடியதில்லை. பிறகு அடுத்து என்ன சொல்லப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒருவன், சீனி கொஞ்சம் கூடத்தான் போடுவார் என்றான். இன்னொருவன் மறுபடியும், ஒரு நாள்கூட மூடாத மனுஷன் என்றான். அவ்வளவுதான். சுற்றிச் சுற்றி அதையேதான் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயது வரை வாழ்ந்த ஒருவனைப் பற்றிச் சொல்ல ஊருக்கு இருந்தது அந்த ஒரு பேச்சுத்தான். அப்போது மில்லில் நூல் சுற்றும் பாண்டிசெல்வியின் குரல் கேட்டது.

"அந்த அக்காதான் பாவம். ஒரு ஊரு, ஒரு தேசம் பாக்காம அந்தச் சட்டிப் புகையிலயே கெடந்துச்சு. இனி எங்க போவப் போவுது?"

அண்ணாச்சி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் பால்கோவாத் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

அதற்குள் நைனா முகமதுக்குப் பேச்சு வந்து, "இருக்காகலே! அண்ணாச்சி உசுரோட இருக்காக!" என்று கத்தினார். அங்கே ஒரே கூச்சல். யாரும் நம்பத் தயாராக இல்லை. "அண்ணாச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. உங்கள கண்ணால பாக்காம ஒருத்தனும் வேலைக்குப் போக மாட்டேங்கான்!"

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "வண்டி மத்தியானம்தானே? பஸ்ஸுல போயி முகத்தக் காட்டிட்டு வந்துருதேன்."

"போனீகன்னா பாய்லர் உங்கள விடாது" என்றாள் பரிபூரணம். அவளுடைய முகம் வாடிவிட்டது. கன்னியாகுமரியும் கொடைக்கானலும் இப்படி ஒரு எட்டில்தான் போயின என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் செல்போனை எடுத்து, "பாய், எங்க வண்டி நம்மூரு வழியாத்தான் போகுது. அவியளப் பாக்கணும்னா எல்லாரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க. மாலைய மட்டும் எங்கயாவது போட்டுட்டு வாங்க" என்றாள். அண்ணாச்சி அவளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கடையில் கூட்டம் நெரிகிற நேரத்திலெல்லாம் இவள் வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே மொத்தக் கூட்டத்தையும் ஓட்டியவள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ரயிலில் டிக்கெட்டில் போட்டிருந்தபடி இடது பக்க ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும், "ஒண்ணு சொல்லிருதேன்" என்றாள். "அங்க அவுங்க கூப்பிடுவாக. எறங்கணும்னு தோணுனா எறங்கிக்கோங்க. நான் கோவப்பட மாட்டேன். ஆனா நான் எறங்க மாட்டேன்." வெளியே தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் போய்க்கொண்டிருந்தன. எப்படியும் இறங்கக்கூடாது என்றுதான் அவர் நினைத்தார். கூடவே, புது பால் பாக்கெட் வந்திருக்கும், இத்தனை பேர் கூடியிருக்கிற நாளில் யாவாரம் எப்படி இருக்கும் என்றும் நினைத்தார். பாழாய்ப்போன மனசு அது, சொன்ன பேச்சைக் கேட்காது.

ராஜபாளையம் ஸ்டேஷனில் அப்படி ஒரு கூட்டத்தை வண்டியில் வந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஏதோ தலைவர் வருகிறார் என்று ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மில் பெண்கள், லோடுமேன்கள், காய்கறிக் கடைக்காரர்கள், எதிர்க்கடை பஜ்ஜிக்காரன்கூட வந்திருந்தான். நைனா முகமது மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி வாசலில் தெரிந்ததும் எழுந்த சத்தம் மில் சங்கையே தோற்கடித்திருக்கும். நாலைந்து கைகள் அவரைப் பிடித்து இழுத்தன. ஒரு கால் கீழே போயிற்று, மறு காலும் போயிற்று. அவர் பிளாட்பாரத்தில் நின்றார். பால்பாண்டி கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். நைனா முகமது தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"வந்ததுதான் வந்தீய, ஒரு டீயப் போட்டுக் கொடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றான் ஒருவன். "ஆமா, அடுத்த வண்டியில போகலாம்" என்றான் இன்னொருவன். நாலு பேர் சேர்ந்து ஆமாம் போட்டார்கள். அண்ணாச்சியின் வலது கை தானாகவே மடித்துக் கட்டாத வேட்டியை மடிக்கப் போயிற்று. ஜன்னலில் பரிபூரணம் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கூப்பிடவில்லை. மடியில் பையை இறுகப் பிடித்திருந்தாள்.

பாண்டிசெல்விதான் ஜன்னல் பக்கம் போய், "எங்கக்கா போறீய?" என்று கேட்டாள்.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. எங்கே போகிறோம் என்று அவர் இதுவரை கேட்கவே இல்லை.

"செங்கோட்டை தாண்டுனா மலை வரும்ட்டி" என்று பரிபூரணம் ஆரம்பித்தாள். "குகைக்குள்ள எல்லாம் ரயிலு போவும். வளைவு வளைவா ஒரு பாலம் இருக்காம், வலது பக்கம் உக்காந்தாத்தான் நல்லாத் தெரியுமாம். பொறவு கொல்லம். அங்க தண்ணியிலயே நாள் முழுக்கப் போறதுக்குப் படகு இருக்கு, ஆலப்புழை வரைக்கும். அதுக்குப் பொறவு வர்க்கலை. அங்க செம்பாறை மேல நின்னா கீழ கடலு. அங்க நான் ரெண்டு நாளு ஒரு வேலையும் செய்யாம உக்காந்திருக்கப் போறேன்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"கேரளா லாரிக்காரங்க நம்ம கடையில நின்னுதானே போவாக. ஆளுக்கு ஒண்ணாக் கேட்டு வச்சிக்கிட்டேன்."

அண்ணாச்சி நின்ற இடத்தில் நின்றார். அதே லாரிக்காரர்களுக்கு அவரும்தான் இத்தனை வருஷமாக டீ கொடுத்தார். சீனி கூடவா குறையவா என்பதற்கு மேல் ஒருவனிடமும் ஒன்றும் கேட்டதில்லை. இவள் எண்ணெய்ப் புகைக்குள் நின்றுகொண்டே மலை தாண்டி, பாலம் தாண்டி, கடல் வரைக்கும் வழி கேட்டுவைத்திருக்கிறாள். என்ன மனுஷி இவள் என்று அவர் ஜன்னலையே பார்த்தார்.

"ஏலே பாலகணேஷ்! எங்கலே இருக்க?"

குடிதண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவன் மெல்ல எட்டிப் பார்த்தான். "தெரியாம நடந்து போச்சு அண்ணாச்சி. இப்பவே கழட்டிருதேன்."

"கழட்டு. கழட்டிட்டு வேற ஒண்ணு அடி. என் படம் வேண்டாம், அக்கா படத்தப் போடு."

"அக்கா படம் எங்கிட்ட இல்லயே."

"எங்கிட்டயும் இல்லலே" என்றார் அண்ணாச்சி. நைனா முகமதின் சட்டைப் பையிலிருந்து செல்போனைப் பிடுங்கி, ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றார். "ஏட்டி, இங்க பாரு!"

பரிபூரணம் திரும்பினாள். கண் கலங்கி இருந்தது. புருஷன் செல்போனைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா முகமது அதை நேராகத் திருப்பிக் கொடுக்க, அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அண்ணாச்சி படம் எடுத்துவிட்டார்.

வண்டி ஊதியது. அண்ணாச்சி செல்போனை நைனா முகமதின் கையில் திணித்துவிட்டு, இழுத்த கைகளையெல்லாம் உதறி, ஓடி வந்து ஏறினார். ஏறியவரை உள்ளே தள்ளிவிட்டது எதிர்க்கடை பஜ்ஜிக்காரன்தான். பாலகணேஷ் வண்டியோடு ஓடிவந்தான்.

"என்ன எழுதணும் அண்ணாச்சி?"

அண்ணாச்சி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "பரிபூரணம் ஊரு பாக்கப் போயிருக்கா. புருசனையும் கூட்டிட்டுப் போயிருக்கா. அம்புட்டுத்தான்! மெழுகுவர்த்தி கிழுகுவர்த்தி போட்ட, வந்து தோல உரிச்சிருவேன்!"

பாண்டிசெல்வி விசில் அடித்தாள். மில் பெண்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். நைனா முகமது அதுவரை மறைத்து வைத்திருந்த மாலையை மறந்துபோய் அதையே ஆட்டினார்.

அண்ணாச்சி மூச்சு வாங்க வந்து பரிபூரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பையைப் பிடித்திருந்த கையை எடுத்து அவர் கையின் மேல் வைத்தாள். ஊர் பின்னால் போய் மலை கிட்டத்தில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பாலத்துக்கு எந்தப் பக்கம் உக்காரணும்னு சொன்ன?"

"வலது பக்கம்" என்றாள். பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அவரை எழுப்பி, காலியாகக் கிடந்த வலது பக்கத்து இருக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.